கரையான் தின்ற சட்டம்

எல்லாத்துக்கும் கரையான்தான் காரணம். 2011ல், மழை விடாமல் பெய்த ஒரு நவம்பர் மாதம், மலேசியாவின் ஈப்போவில் எங்கள் வீட்டு முன்கூடத்துச் சுவரில் ஏறியிருக்கிறது. ஒருவரும் கவனிக்கவில்லை. மத்தியானம் நான் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது முன்பக்கம் கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் பதக்கச் சட்டம் தரையில் கிடக்கிறது. மரம் தொட்டால் மாவாக உதிர்ந்தது.

அந்தப் பதக்கத்துக்கு என் மாமியார் வீட்டில் சீக்கிய குருமார் படங்களுக்கு அடுத்த மரியாதை. 1991ல் எங்கள் கல்யாணம் பேச வந்த அன்று, என் வீட்டுக்காரரின் சித்தப்பா என் அப்பாவிடம் எடுத்த எடுப்பில் சொன்னதே அதைத்தான்: "எங்க பாபாஜி தைப்பிங் பட்டாளம். முதல் உலகப் போருக்குப் போய் மெடல் வாங்கினவர்." பாபாஜி என்றால் என் வீட்டுக்காரரின் தாத்தா. தோட்டத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற என் அப்பா அதற்கு மேல் மறுத்துப் பேசவில்லை. ஒரு பஞ்சாபிப் பையனுக்குத் தமிழ்ப் பெண்ணைக் கொடுப்பதா என்று அதுவரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தவர்தான்.

சில்லுகளைக் கூட்டி அள்ளிவிட்டுப் பதக்கத்தைக் கையில் எடுத்தேன். இருபது வருடமாகத் தினமும் துடைத்தது கண்ணாடியைத்தான். வெள்ளியை அன்றுதான் தொட்டேன். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை. மறுபக்கம் குதிரை மேல் உடுப்பில்லாமல் ஒரு ஆள். விளிம்பைச் சுற்றிப் பொடிப்பொடியாக ஏதோ எழுத்து. மாமியாரின் பூதக்கண்ணாடியை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் படித்தேன். ஒரு எண், சிப்பாய் என்று பதவி, ஒரு பெயர், மலாய் ஸ்டேட்ஸ் கைட்ஸ் என்ற அந்தத் தைப்பிங் பட்டாளத்துப் பெயரின் சுருக்கம். பெயர் என்னவோ சிங்கில்தான் முடிந்தது. முன்னால் இருந்தது எங்கள் தாத்தா பெயர் இல்லை.

முதல் பாடத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் பழைய பட்டாளத்துப் பதக்கம் இருந்தால் அதைப் பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் போர்ப் பதக்கங்களில் வாங்கியவரின் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் விளிம்பில் பொறித்திருக்கும். தேய்க்கத் தேய்க்க மழுங்குவது அதுதான். கண்ணாடிச் சட்டத்துக்குள் அழகாக அடைத்துவிட்டால் நூறு வருடம் ஆனாலும் எவர் கண்ணிலும் படாது. எங்கள் வீட்டில் சட்டம் போட்டவர் அதைத் தெரிந்தேதான் செய்தாரோ என்று எனக்குப் பிற்பாடு சந்தேகம் வந்தது.

பீஜி, அதாவது என் மாமியார், அப்போது பெரிய குருத்துவாராவில் இருந்தார். சாயங்காலம் வந்ததும் காட்டினேன். வாங்கிப் பார்த்தார், முந்தானையில் முடிந்துகொண்டார். "கண்ணாடிக்காரனைக் கூப்பிடு, வேற சட்டம் போடலாம்" என்றார். அவ்வளவுதான். தமிழில்தான் சொன்னார். ஈப்போவின் புந்தோங் பக்கம் முப்பது வருடம் வீடு வீடாகப் பால் ஊற்றின குடும்பம்; என் மாமியாரின் தமிழ் என் பிள்ளைகளின் தமிழைவிடச் சுத்தம்.

நான் தோட்டத்தில் வளர்ந்தவள். சாப்பிட மறுத்தால் பாட்டி, "வங்காளி வர்றான், சாக்குல போட்டுக் கட்டிக்கிட்டுப் போயிடுவான்" என்று மிரட்டுவாள். தலைப்பாகையும் தாடியுமாகத் தோட்டத்து வாசலில் கட்டிலில் படுத்திருக்கும் ஜாகா, அதாவது காவல்காரன்தான் அந்த வங்காளி. பஞ்சாபுக்கும் வங்காளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. அவர்கள் கப்பலேறியது கல்கத்தாவில். வங்காளத் துறைமுகத்திலிருந்து வந்து இறங்கியதால் மலாய்க்காரர்கள் 'பெங்காலி' என்றார்கள், நாமும் வாங்கி வைத்துக்கொண்டோம். என் வீட்டுக்காரருக்கு அந்த வார்த்தை பிடிக்காது. 'பாயி', அதாவது சகோதரர், என்று கூப்பிட்டால் சிரித்துக்கொள்வார்.

சீக்கியர்கள் இந்த மண்ணுக்கு வந்த கதையைப் ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்துக்காரர்கள் கொஞ்சமாவது தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அது நம் ஊரில் தொடங்கியது. 1873ல் லாருட் ஈய வயல்களில் சீனர்களின் கீ ஹின், ஹாய் சான் என்ற இரண்டு கோஷ்டிகளும் வெட்டிக்கொண்டு கிடந்தன. லாருட்டை ஆண்ட மந்திரி ஙா இப்ராகிம், ஸ்பீடி என்ற வெள்ளைக்காரக் கேப்டனைச் சம்பளத்துக்குப் பிடித்தார். ஸ்பீடி இந்தியாவுக்குப் போய், சீக்கியர்களும் பட்டாணியருமாக நூற்றுக்கு மேற்பட்ட ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்தார். மறு வருடம் பங்கோர் ஒப்பந்தம். சண்டைக்கு வந்த கூலிப்படை அப்படியே பேராக்கின் ஆயுதப் போலீஸ் ஆனது. அது வளர்ந்து, 1896ல் தைப்பிங்கைத் தலைமையிடமாகக் கொண்ட மலாய் ஸ்டேட்ஸ் கைட்ஸ் படையானது. தைப்பிங்கிலும் பினாங்கிலும் பழைய குருத்துவாராக்கள் போலீஸ், பட்டாளக் குடியிருப்பை ஒட்டி முளைத்ததற்குக் காரணம் இதுதான். பினாங்கின் வாடா குருத்துவாராவை விக்டோரியா ராணியின் வைர விழாவை ஒட்டி எழுப்பினார்கள், 1903ல் முடிந்தது. ராணிக்கு விழா, சிப்பாய்க்குக் கோயில், இரண்டும் ஒரே கட்டடத்தில். அந்தக் காலத்துச் சாமர்த்தியம்!

இதெல்லாம் விசுவாசக் கதையாக மட்டும் இருந்துவிடவில்லை. 1914 கடைசியில் கைட்ஸ் ஆட்கள் கடல் கடந்து போருக்குப் போக மறுத்தார்கள். எதிர்ப்பில் மலாயாப் பணக்காரர் ஒருவருக்கும் பங்கு உண்டு: அதே வருடம் 376 பயணிகளோடு வான்கூவர் துறைமுகத்தில் இரண்டு மாதம் மறிக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்ட கோமகட்டா மாரு கப்பலை வாடகைக்கு எடுத்த குர்தித் சிங், மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கான்ட்ராக்ட் எடுத்துப் பணம் பார்த்தவர். பிறகு கைட்ஸ் படை ஏடனுக்குப் போனது, போரிட்டது, திரும்பியது. 1919ல் படையையே கலைத்துவிட்டார்கள். கலைத்த பிறகு அந்த ஆட்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் எங்கள் வீட்டுக் கதை. அது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

எனக்குக் கை அரித்தது. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக் கொடுக்கிறவள், வீட்டுச் சுவரில் தப்பான பெயரை வைத்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? முதலில் எல்லோரும் செய்வதையே செய்தேன். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய மலாயாப் பத்திரிகைகளை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. அதில் தாத்தா பெயரைத் தட்டினேன். நூற்றுக்கணக்கில் வந்து விழுந்தது, ஒன்றும் நம் ஆள் இல்லை. சீக்கிய ஆண்களுக்கெல்லாம் சிங், பெண்களுக்கெல்லாம் கௌர். முன்பெயரும் ஒரு ஐம்பது, அறுபதுக்குள் சுற்றிச் சுற்றி வரும். குமாஸ்தாக்கள் ஒரே ஆளை நான்கு விதமாக எழுதியிருப்பார்கள். அதற்கும் மேலே, காவல்காரனைப் பற்றிய செய்தியில் அந்தக் காலப் பத்திரிகைக்காரர் பெயரே போடமாட்டார், 'ஒரு சீக்கிய வாட்ச்மேன்' என்பதோடு சரி. ஆகவே பெயரை வைத்துத் தேடாதீர்கள். தெருவை, முதலாளியின் கடையை, சம்பவத்தை வைத்துத் தேடுங்கள்.

இரண்டு மாதம் இப்படிக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட பிறகுதான் பீஜியைக் கவனித்தேன். குருத்துவாராவில் புது ஆள் யாரைப் பார்த்தாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "துஹாடா பிண்ட் கெஹ்டா?" உங்க ஊர் எது? பிறந்தது பத்துகாஜாவாக இருக்கும், படித்தது மெல்போர்னாக இருக்கும், இந்தியாவையே பார்த்திருக்கமாட்டான் அந்தப் பையன். ஆனாலும் மூன்று தலைமுறைக்கு முந்திய பஞ்சாப் கிராமத்தின் பெயரைச் சட்டென்று சொல்வான். அடுத்தது கோத், அதாவது குலம்: கில், சித்து, தில்லான், சந்து. அதற்கடுத்தது மாஜாவா, மால்வாவா, தோவாபாவா. இந்த மூன்று வட்டாரக் கோஷ்டியில் பிரிந்துபோய் ஒரே ஊரில் தனித்தனிக் குருத்துவாரா கட்டிக்கொண்டவர்களும் உண்டு. நம் ஆட்கள் சாதிக்கொரு கோயில் கட்டிக்கொண்டதைப் போலத்தான். இதில் யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க முடியாது.

பிள்ளையின் பள்ளி பாரத்தில் 'இனம்' என்று ஒரு கட்டம் வரும். நானும் என் வீட்டுக்காரரும் அதைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் விழித்திருக்கிறோம். பீஜிக்கு அந்தக் குழப்பம் கிடையாது. அவரைப் பொறுத்தவரை ஒரு ஆள் என்பது ஊர்ப் பெயரும் அப்பா பெயரும்தான். எனக்கும் அந்த நூலைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் வழி திறந்தது.

ஊர்ப் பெயர் எங்கே எழுதியிருக்கும்? சுவரில். பழைய குருத்துவாராக்களின் சுவரிலும் படிக்கட்டிலும் பளிங்குக் கற்கள் பதித்திருப்பார்கள். யார், எந்த கிராமம், எந்த ஜில்லா, எத்தனை டாலர் காணிக்கை என்று குர்முகியில் வெட்டியிருக்கும். என் வீட்டுக்காரருக்கு குர்முகி படிக்க வராது. அவர் தலைமுறையில் பாதிப் பேருக்கு அப்படித்தான்: வாய்ப் பேச்சு உண்டு, எழுத்து இல்லை. அதனால் நான் போய் உட்கார்ந்தேன், ஞாயிற்றுக்கிழமை வகுப்பில், ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில். ஊடா, ஐடா, ஈடி என்று தொடங்கும் முப்பத்தைந்து எழுத்து. அதனால் அதற்குப் 'பைந்தி' என்றே பெயர். தமிழில் ஒரே 'க' போதும் என்று வளர்ந்த நாக்குக்கு நான்கு 'க' பெரிய தண்டனை. ஆனால் படிப்பதற்கு மட்டும் என்றால் பயப்படத் தேவையில்லை, மூன்று மாதத்தில் கல்வெட்டு படிக்கிற அளவுக்கு வந்துவிடும்.

வகுப்புக்குக் கட்டணம் இல்லை, பதிலுக்கு அடுக்களை. ஞாயிறு விடிகாலை ஐந்து மணிக்கு லங்கர் என்ற பொதுச் சமையல் கொட்டகையில் மாவு பிசைய வேண்டும். கல்யாணமான புதிதில் பீஜி என்னை அங்கே முதன்முதலில் கூட்டிப்போனபோது நான் தட்டிய ரொட்டி அடை மாதிரி இருந்தது. ஒரு பாட்டியம்மா அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். பீஜி அதைப் பிடுங்கித் தன் தட்டில் போட்டுக்கொண்டு, "இது என் மருமகள் சுட்டது, நான் சாப்பிடுறேன்" என்றார். கல்யாணத்துக்கு முன்னால் கமிட்டியில் என்னைக் கௌர் என்று பெயர் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். காகிதத்தில் அன்றைக்கு ஆனேன். பீஜி அந்த ரொட்டியைத் தின்ற அன்றுதான் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போகாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. தலையை மூடிக்கொள்ளுங்கள், கைக்குட்டை போதும், வாசலிலேயே துணி வைத்திருப்பார்கள். சிகரெட் பெட்டியைக் காடியிலேயே விட்டுவிடுங்கள். பிரசாதத்தை இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி வாங்குங்கள். எல்லோரோடும் தரையில் வரிசையில் உட்காருங்கள். தட்டில் மீதம் வைப்பதுதான் அங்கே பெரிய அவமரியாதை. கொஞ்சமாக வாங்கி இன்னொரு தடவை கேட்டுக்கொள்ளலாம். பருப்பும் ரொட்டியும்தான் கிடைக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். எங்கள் பக்கத்தில் காலைப் பசியாறலுக்கு மீகூன் கோரேங் என்ற வறுத்த அரிசி நூடுல்ஸும் சம்பலும்கூட வரும். பஞ்சாபிலிருந்து வந்த விருந்தாளிகள் அதைப் பார்த்து முழிப்பதே ஒரு வேடிக்கை.

தாத்தா பெயர் போட்ட கல் எங்கள் குருத்துவாராவில் இல்லை. பழுதுபார்த்தபோது எடுத்த பழைய கற்களைப் பின்பக்கம் சாய்த்து வைத்திருக்கிறார்கள் என்று குருத்துவாராவில் கிரந்தம் ஓதும் கிரந்தி ஐயா இன்னொரு ஊருக்கு அனுப்பினார். அங்கே கழிவறைப் பக்கம், பாசி பிடித்து, பதினோரு கற்கள். ஏழாவது கல்லில் கிடைத்தார்: பெயர், அப்பா பெயர், கிராமம், ஜில்லா அம்ரித்சர், 5 டாலர். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் கைப்பேசியில் படம் எடுத்தார். உச்சி வெயில். வெட்டெழுத்தை உச்சி வெயிலில் படம் பிடிக்கக் கூடாது, காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்தால்தான் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தெரியும். இந்தச் சின்ன விஷயம் தெரியாததால் நாங்கள் பட்ட பாட்டைப் பின்னால் சொல்கிறேன். உங்கள் ஊர்க் குருத்துவாராவிலோ கோயிலிலோ புதுப்பிப்பு வேலை நடக்கிறது என்றால், இன்றைக்கே போய்ப் பழைய கற்களைப் படம் எடுத்துவிடுங்கள். நாளைக்கு அது லாரியில் ஏறிவிடும்.

கல்லைப் பார்த்துவிட்டு வந்த இரவு பீஜி என் கையில் ஒரு சாவியைக் கொடுத்தார். அவர் அறையில் ஒரு தகரப் பெட்டி உண்டு. சந்தூக் என்பார்கள். அதைத் திறந்து இருபது வருடத்தில் நான் பார்த்ததில்லை. உள்ளே ஒரு பழைய ரஜாய் போர்வை, பாபாஜி கையில் போட்டிருந்த கடா என்ற இரும்புக் காப்பு, ஒரு ஜோடி கண்ணாடி, அடியில் துணியில் சுற்றிய நீள வாக்கிலான கணக்குப் புத்தகம். "படிக்கத்தான் கத்துக்கிட்டியே, படி" என்றார்.

வட்டிக் கணக்கு.

பாபாஜி பட்டாளத்தில் இருந்ததே இல்லை. ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், ஈயக் கடைக்கு ஜாகா. ராத்திரி முழுக்கக் கடை வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுக் காவல். பகலில் சம்பளத்தை வட்டிக்கு விடுவது. பிறகு அந்தக் காசில் இரண்டு மாடு, அப்புறம் பன்னிரண்டு மாடு, அப்புறம் புந்தோங் பால் வியாபாரம். ஜாகா வேலை, மாட்டு வண்டி, பால், வட்டி: படையில் சேர முடியாதவர்களும் படையிலிருந்து கழற்றிவிடப்பட்டவர்களும் இந்த நான்கில் ஒன்றில்தான் நின்றார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கு வக்கீலும் டாக்டரும். ஆனால் வீட்டுச் சுவரில் தொங்குவது எப்போதும் சிப்பாய் படமாகத்தான் இருக்கும், ஜாகா கட்டிலை யாரும் படம் எடுத்து மாட்டுவதில்லை.

அந்தப் புத்தகத்தைப் படித்து முடிக்க எனக்கு நான்கு மாதம் பிடித்தது. வருடம் எல்லாம் பிக்ரமி ஆண்டில் இருக்கும். அதில் 57 கழித்தால் நம் வருடம் கிட்டத்தட்ட வந்துவிடும். எண்களும் குர்முகி எண்கள். பெயர், தொகை, அடகுப் பொருள், கொடுத்த மாதம், திருப்பிய மாதம். பக்கத்துக்குப் பக்கம் எங்கள் ஆட்கள். தமிழ்ப் பெயர்கள் குர்முகியில்! 'ழ' இல்லாத எழுத்தில் பழனி 'பலனி' ஆகியிருந்தான். தோடு ஒரு ஜோடி. மூக்குத்தி. வெள்ளி அரைஞாண் கொடி. சில வரிகளில் திருப்பிய மாதத்தின் இடம் காலியாகவே இருந்தது. என் பாட்டியின் அம்மா கழுத்தில் ஒன்றுமில்லாமல் நிற்கிற ஒரே ஒரு படம் எங்கள் வீட்டில் உண்டு. அதைத் திரும்ப எடுத்துப் பார்க்க எனக்கு அந்த வாரம் மனசு வரவில்லை. செட்டியார் கிட்டங்கியில் போனதோ, பாயியின் பெட்டிக்குப் போனதோ, போனது போனதுதான். கணவரிடம் சொன்னேன், அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார், மழை பெய்துகொண்டிருந்தது.

பிக்ரமி 1981 சாவண் மாதக் கணக்கில் ஒரு வரி. 1924 ஆடி, ஆவணி வாக்கில். பதக்க விளிம்பில் இருந்த அதே பெயர். 'தம்கா ஒன்று', அதாவது பதக்கம், 8 வெள்ளி (டாலர்), திருப்பிய இடம் காலி. ஓரத்தில் பாபாஜி தன் கையால் இரண்டு சொல் எழுதியிருந்தார்: 'ஊருக்குப் போகிறான்.'

பீஜியிடம் கேட்டேன். "எனக்குத் தெரியும்" என்றார். 1953ல் பதினெட்டு வயதில் மருமகளாக வந்தபோதே மாமனார் சொல்லியிருக்கிறார். பட்டாளத்தைக் கலைத்த பிறகு சில வருடம் இங்கே அங்கே காவல் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்ப முடிவு செய்த ஆள், கப்பல் கூலிக்குக் குறைந்த பணத்துக்குப் பதக்கத்தை வைத்துவிட்டுப் போனார், அனுப்புகிறேன் என்றார், அனுப்பவில்லை. சுவரில் மாட்டியது பாபாஜி இல்லை, அவர் செத்த பிறகு அவர் பிள்ளைகள். விருந்தாளி கேட்க, யாரோ "ஆமா, அவருதான்" என்று சொல்ல, அப்படியே நின்றுவிட்டது. "நான் எதுக்குச் சொல்லணும்? கேட்டவங்க யாரு?" என்றார். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. இரண்டு மாதம் இணையத்தில் தேடியவள், அதே கூடத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவரிடம் ஒரு தடவை பதக்கத்தைக் காட்டியதோடு விட்டிருந்தேன்.

பெரியவர்களிடம் 'வரலாறு சொல்லுங்க' என்று மைக்கை நீட்டினால் ஒன்றும் வராது. பொருளைக் கையில் கொடுங்கள்: ஒரு பாத்திரம், ஒரு ரசீது, ஒரு படம். அவர்கள் கை ஏதாவது வேலையில் இருக்கட்டும். பதிவு செய்கிறீர்கள் என்றால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பீஜி மாவு பிசையும்போது பேசியதுதான் என்னிடம் இருக்கும் பதிவுகளில் ஆகச் சிறந்தது. ஜப்பான்காரன் காலத்தில் மாடுகளைக் காட்டுக்குள் கட்டி வைத்தது, மோகன் சிங் தொடங்கிய இந்திய தேசியப் படைக்குப் பக்கத்து வீட்டுச் சீக்கியப் பையனும் தோட்டத்துத் தமிழ்ப் பையனும் ஒரே லாரியில் ஏறிப் போனது, இரண்டு பேரில் ஒருவன் மட்டும் திரும்பியது, எல்லாம் அதில்தான் வந்தது. எவன் திரும்பினான் என்று கேட்டேன். மாவு பதம் வந்துவிட்டது என்று எழுந்துவிட்டார்.

2013ல் பஞ்சாபுக்குப் போனோம். கல்லில் இருந்த ஊர்ப் பெயரைக் கைப்பேசி வரைபடத்தில் போட்டோம், வந்தது, போய் இறங்கினோம். ஊர்ப் பெரியவர் எங்கள் படத்தை வாங்கி, கண்ணைச் சுருக்கி, சாய்த்துப் பார்த்துச் சிரித்தார். பெயருக்குப் பின்னால் இன்னொரு சொல் இருந்தது. உச்சி வெயிலில் எடுத்த படத்தில் எங்களுக்குத் தெரியாமல் போன சொல்: 'கலான்'. பஞ்சாபில் ஒரே பெயரில் இரண்டு ஊர் இருந்தால் பெரியது கலான், சின்னது குர்த். நாங்கள் நின்றது குர்த். இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. எங்கள் காகிதத்தில் எல்லாம் அம்ரித்சர் ஜில்லா. 2006ல் தர்ண் தாரண் தனி ஜில்லாவாகப் பிரிந்துவிட்டது, எங்கள் ஊர் அதற்குள் போய்விட்டது. பதிவேடு தேட எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதே இதனால் மாறிவிடுகிறது. கிளம்புவதற்கு முன் ஊர், தெஹ்சில் (வட்டம்), தாணா (போலீஸ் ஸ்டேஷன்), பழைய ஜில்லா, புது ஜில்லா ஐந்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கலானில் தாத்தாவின் அண்ணன் வகையறா வீட்டைக் கண்டுபிடித்தோம். கயிற்றுக் கட்டில் போட்டார்கள், மோர் கொடுத்தார்கள், முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. அரை மணி நேரம் என் வீட்டுக்காரர் சந்தோஷமாகக் கதை சொல்லிக்கொண்டே இருக்கிறார், அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். எனக்குத்தான் பொறி தட்டியது. வெளிநாட்டிலிருந்து திடீரென்று முளைத்த பங்காளி எதற்கு வருவான்? நம் ஊரில் வந்தாலும் இதே பயம்தானே. "நிலம் கேட்டு வரவில்லை என்று சொல்லுங்கள்" என்று காதில் சொன்னேன். சொன்னார். எழுதித் தரவா என்றும் கேட்டார். அடுத்த நிமிடம் வீடே மாறிவிட்டது. கோழி அடித்தார்கள், அழுதார்கள், தாத்தா கிணற்றடியில் விழுந்து உடைத்துக்கொண்ட பல்லைப் பற்றிக்கூடச் சொன்னார்கள். இப்படித் தேடிப் போகிற எவருக்கும் நான் சொல்வது: வாசல் படியிலேயே அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு உள்ளே போங்கள்.

பட்வாரியின், அதாவது கிராமக் கணக்குப்பிள்ளையின், பழைய பதிவேட்டில் சஜ்ரா என்று வம்ச வரைபடம் ஒன்று உண்டு, நில உரிமைக்காகத் தலைமுறை தலைமுறையாக எழுதி வந்தது. உருதுவில் இருக்கும். குர்முகி கற்றது அங்கே உதவாது, பழைய பள்ளி வாத்தியார் ஒருவரைப் பிடித்துத்தான் படித்தோம். ஐந்து தலைமுறை மேலே போனது. தாத்தா பெயரும் இருந்தது. அண்ணன் பெயரிலிருந்து கோடுகள் கீழே கிளை கிளையாக இறங்கின. தாத்தா பெயருக்குக் கீழே கோடே இல்லை. அந்த ஊர்க் கணக்கில் அவர் பிள்ளையில்லாமல் போனவர். என் வீட்டுக்காரர் காலி இடத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

திரும்பி வந்த வருடமே என் பெரிய மகன், பத்தொன்பது வயதில், முடியை வெட்டிக்கொண்டான். பீஜி மூன்று வாரம் அவனோடு பேசவில்லை. நான்காவது ஞாயிறு விடிகாலை அவன் அறைக் கதவைத் தட்டி, "மாவு மூட்டை தூக்க ஆள் இல்லை, வா" என்றார். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு போனான், இன்றுவரை போகிறான். அதைப் பற்றி அவர்கள் இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. கலிபோர்னியாவில் நூறு வருடத்துக்கு முன்னால் போன பஞ்சாபிகள் பலர் மெக்சிகோ பெண்களைக் கட்டினார்கள். ஊரிலிருந்து பெண் வர அங்கே சட்டம் விடவில்லை. அந்த வீடுகளின் படங்களைப் பார்த்தபோது, தலைப்பாகைக்காரருக்குப் பக்கத்தில் மெக்சிகோக்காரி ஒருத்தி என்னைப் போலவே முழித்துக்கொண்டு நின்றாள்.

பதக்கத்துக்கு உரியவரைத் தேடினேன். எண் இருக்கிறது, பெயர் இருக்கிறது, ஊர் இல்லை. ஊர் இல்லாமல் ஒரு சிங்கைத் தேடுவது எப்படியிருக்கும் என்பதை மேலேயே சொல்லிவிட்டேன். அவருடைய பிள்ளைகள் வீட்டிலும் 'எங்க தாத்தா மலாயாப் பட்டாளம்' என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள், காட்டத்தான் ஒன்றும் இருக்காது. அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாமா என்று பீஜியிடம் கேட்டேன்.

"அடகுப் பொருளை அருங்காட்சியகத்துக்குக் குடுக்க நாம யாரு?" என்றார். புதுச் சட்டமும் வேண்டாம் என்றுவிட்டார். கணக்குப் புத்தகத்தோடு சேர்த்துத் துணியில் சுற்றி, பெட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டி, சாவியை என் கையில் கொடுத்தார்.

"அவன் வீட்டு ஆளுங்க எப்பவாச்சும் வந்தா குடுத்துடு. எட்டு வெள்ளி வாங்கிக்கோ. வட்டி வேண்டாம்."